எதிர்ப்பொருள் இருந்தும் கொரோனா சிலருக்கு முற்றியது ஏன்?

பாளையங்கோட்டையிலிருந்து நீங்கள் கேட்டிருக்கும் இக்கேள்வி, 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் திருநெல்வேலிச் சீமையின் பல வீடுகளை வருத்திய கேள்வி. எதிர்ப்பொருள் என்பது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்; விடையின் ஒரு பகுதி அதன் அமைப்பில் இருக்கிறது. ஐஜிஜி என்னும் வகை எதிர்ப்பொருளின் தண்டுப் பகுதியில், 297ஆம் இடத்து அஸ்பாரஜின் என்னும் அமினோ அமிலத்தில் ஒரு சர்க்கரைச் சங்கிலி இணைந்திருக்கிறது. நீரிழிவுக்காரர் அளந்து பார்க்கும் சர்க்கரை வேறு. வழக்கமாக இச்சங்கிலிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஃபியூகோஸ் என்னும் சர்க்கரைக் கூறைக் கொண்டிருக்கும். கொரோனா கடுமையாகும் நோயாளிகள் பலரிடம், வைரஸின் கூர்ப்புரதத்துக்கு எதிராகத் தொடக்க நாட்களில் உருவாகும் எதிர்ப்பொருள்களில் இந்த ஃபியூகோஸ் குறைந்துவிடுவதால், அவை வெள்ளணுக்களின் மேற்பரப்பில் எதிர்ப்பொருளின் தண்டோடு இணையும் எஃப்சி காமா 3ஏ ஏற்பியை இறுகப் பற்றி, நுரையீரலின் பெருவிழுங்கணுக்கள் என்னும் வெள்ளணுக்களை அளவுக்கு மீறித் தூண்டி, அழற்சியைப் பெருக்குகின்றன. வாரங்கள் செல்லச் செல்ல ஃபியூகோஸ் இயல்பளவை நோக்கித் திரும்புகிறது. எதிர்ப்பொருளின் அளவை மட்டும் சொல்லும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் இம்மாற்றம் தெரியாது.