அப்பாவோட மறதிக்கு ஹெட்டிங்தான் காரணமா?

சகோ, அப்பா ஃபுட்பால்ல பதினஞ்சு வருஷம் டிஃபென்டரா ஆடினவர், இப்ப கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குறார், பந்த தலையால முட்டுற ஹெட்டிங்தான் காரணமான்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கனத்துப்போச்சு.

சந்தேகப்பட காரணம் இருக்கு. 2019ல கிளாஸ்கோ யுனிவர்சிட்டில 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து ப்ரொஃபஷனல் ஃபுட்பால் ப்ளேயர்ஸோட ரெக்கார்ட பாத்தாங்க, டிமென்ஷியா மாதிரி மூளை நோய்ல இறந்தவங்க மத்தவங்கள விட சுமார் மூணரை மடங்கு. 2021ல பொசிஷன் வாரியா பிரிச்சா, தலையால அதிகம் முட்டாத கோல்கீப்பருக்கு சாதாரண ஆளுங்க அளவுதான், டிஃபென்டருக்கு கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு! ஆனாலும் உங்க அப்பாவுக்கு இதனாலதான்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது. தலையில அடிபட்டு அடிபட்டு வர்ற சிடிஇங்கிற மூளை வியாதிய இறந்தப்புறம் மூளைய சோதிச்சாத்தான் உறுதி பண்ண முடியும், இங்கிலாந்து ஃபார்வர்ட் ஜெஃப் ஆஸ்ல் 2002ல இறந்தார், அவருக்கு அது இருந்தது தெரிஞ்சது 2014லதான்.

அதனால ஹெட்டிங்னு முடிவு கட்டிட்டு உக்காந்துடாதீங்க ப்ளீஸ். பி12 குறைவு, தைராய்டு, டிப்ரஷன், சில மாத்திரைங்க கூட இதே மறதிய கொண்டுவரும், அதெல்லாம் சரி பண்ணக்கூடியது. நியூராலஜிஸ்ட்கிட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க, அடுப்ப அணைக்க மறந்தது, தெரிஞ்ச ரோட்டுலயே திணறினது, எல்லாம். எத்தனை வருஷம் ஆடினார், எப்பவாச்சும் அடிபட்டு மயங்கினாரான்னும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.