பேச்சு தடுமாறும் வீட்டில் என்ன செய்யலாம்? – கேள்வி பதில்

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு இழந்தவர்கள், காது மந்தமான பெரியவர்கள், பேச்சு தாமதமான குழந்தைகள் ஆகியோருடன் வேலை செய்யும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் இங்கே பதில் சொல்கிறார்.

மேடம், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. நடக்கிறார், ஆனால் காபி கேட்க நினைத்தால் "சாவி" என்கிறார். பார்க்க வருபவர்கள், "புத்தி போயிடுச்சு போல" என்று அவர் காதுபடவே சொல்கிறார்கள். உண்மையா? – சேலம் வாசகி

இல்லவே இல்லை. இதைப் பேச்சிழப்பு என்போம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கையாளும் பகுதி மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே ரத்தம் தடைபட்டால் சொல் கைக்கு எட்டாமல் போகும், அல்லது வேறு சொல் வந்து விழும். பாரிஸில் 1861-ல் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளி ஒருவர், எதைக் கேட்டாலும் "டான், டான்" என்று மட்டுமே சொல்வார். ஆனால் கேட்பது அவருக்குப் புரிந்தது, சைகையால் பதிலும் சொன்னார். அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது, இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்தது. உங்கள் அப்பாவும் வந்தவர்கள் பேசியதில் நிறையவே புரிந்துகொண்டிருப்பார். அதனால் அவர் முன்னால் அவரைப் பற்றி அப்படிப் பேச யாரையும் விடாதீர்கள்.

முதலில் டிவியை நிறுத்துங்கள். எதிரில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள். "என்ன வேணும்?" என்பதைவிட, காபி டம்ளரையும் தண்ணீர்ச் சொம்பையும் காட்டி "இதுவா, அதுவா?" என்று கேட்பது நல்லது. கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நமக்கு அது நீண்ட நேரமாகத் தெரியும், அவருக்கு அந்த நேரம் தேவை. முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். "ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே தலையை மறுத்து ஆட்டினால், இன்னொரு முறை கேட்டு உறுதி செய்யுங்கள். குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சிப் பேசுவதும் வேண்டாம், அது பெரியவர்களை மிகவும் புண்படுத்தும்.

இன்னொன்று. ஒரு வாக்கியம்கூடப் பேச வராதவர்கள் பழகிய பக்திப் பாட்டை அடிபிசகாமல் பாடுவதுண்டு, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவதுமுண்டு. இதைப் பார்த்து "வேண்டுமென்றே பேசமாட்டேன் என்கிறார்" என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மனப்பாடமாக வருவது வேறு, புதிதாகச் சொல் தேடிப் பேசுவது வேறு. பாடட்டும், கூடவே நீங்களும் பாடுங்கள்.

வருபவர்களை ஒவ்வொருவராக உட்கார வையுங்கள். ஆள் வரத்து நின்றுபோவதுதான் எனக்குப் பெரிய கவலை. பேச ஆளில்லாமல் மனச்சோர்வில் விழுந்துவிட்டால் பயிற்சிக்கும் வரமாட்டார். சாப்பாடு குறைந்தாலோ எந்நேரமும் சுவரைப் பார்த்துப் படுத்தாலோ, அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். அம்மாவுக்கு இதே பிரச்சினை. ஒரு மொழியை விட்டுவிடலாமா? – ஓசூர் வாசகர்

வேண்டாம். எது முதலில் வருகிறதோ அதில் ஆரம்பியுங்கள், கலந்து பேசினாலும் திருத்தாதீர்கள். மறதிநோய் வேறு, பேச்சிழப்பு வேறு. ஆனாலும் இரண்டு மொழி மூளைக்குச் சுமையில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஹைதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மறதிநோய் வந்த 648 பேரைப் பார்த்தார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. இரண்டு மொழியும் அம்மாவின் சொத்துதான்.

மாமியாருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "இரைச்சலா இருக்கு" என்று பீரோவில் வைத்துவிட்டார். கல்யாணம் காதுகுத்து எதற்கும் வருவதில்லை. – தஞ்சாவூர் வாசகி

வயதானால் முதலில் குறைவது கீச்சொலிகள். அப்புறம் "ச", "த" போன்ற மெய்கள் நழுவிவிடும். சத்தம் கேட்கும், என்ன சொன்னார்கள் என்பதுதான் பிடிபடாது. அதனால் கத்திப் பயனில்லை. முகம் தெரிய, வெளிச்சத்தில் நின்று, நிதானமாகச் சொல்லுங்கள். மிஷினைக் கொண்டுபோய் அவர் காதுக்கு ஏற்பச் சரிசெய்து வாங்குங்கள், காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் வீட்டில் அமைதியான நேரத்தில் கொஞ்சம் போட்டுப் பழகட்டும். கல்யாண மண்டபம் கடைசியில்தான்.

2017-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய காரணங்களில் காது கேளாமையையும் சேர்த்தது. அதற்காக, மிஷின் போட்டால் மறதியே வராது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

பையனுக்கு இரண்டு வயது. "அம்மா", "தா" மட்டும்தான். "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினான்" என்கிறார் பாட்டி. காத்திருக்கலாமா? – திருப்பூர் வாசகி

காத்திருக்காதீர்கள். இந்த வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். முதல் வேலை செவித்திறன் பரிசோதனை. கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது. உள்காதில் பொருத்தும் கருவி (காக்ளியர் இம்பிளான்ட்) தேவைப்படும் அளவுக்குக் குறை இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. காது நன்றாக இருந்தாலும் பயிற்சியாளரைப் பாருங்கள். ஊட்டும்போது செல்போனை எடுத்துவிட்டு, "தோசை... சூடு... ஊது" என்று கையில் இருப்பதைப் பற்றியே பேசுங்கள்.

எனக்குத் திக்குவாய். இன்டர்வியூ வரப்போகிறது. கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசிப் பழகச் சொல்கிறார்கள். – கல்லூரி மாணவர், நெல்லை

கூழாங்கல் வேண்டாம் தம்பி, தொண்டையில் சிக்கினால் ஆபத்து. ஆரம்பத்திலேயே "எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். மறைக்கப் போராடும் பதற்றம்தான் திக்கலை அதிகமாக்கும். உங்கள் பெயரையும் படிப்பையும் நண்பர் ஒருவர் முன்னால் சொல்லிப் பழகுங்கள். நீங்கள் திக்கும்போது அவர் சொல்லை முடித்துவைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள்.