ஒன்பது புத்தகமும் பதினோரு பக்கமும்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். வருடத்துக்கு ஒரு தடவைதான் நீண்ட விடுப்பு எடுக்க முடிகிறது. போன மே மாதம் ஊட்டிக்குப் போனபோது ஒன்பது புத்தகம் எடுத்துப் போனேன். நாவல், சரித்திரம், மொழிபெயர்ப்பு, கவிதை, அறிவியல், தன்வரலாறு, சுயமுன்னேற்றம் என்று வகைக்கு ஒன்றாகப் பட்டியல் போட்டு எடுத்தவை. நான்கு நாளில் படித்தது பதினோரு பக்கம். அதுவும் மூன்று புத்தகத்தில் சேர்த்து. பையைத் தூக்கிய என் கணவர் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

இந்த முறை ஐந்து நாள் வால்பாறை, அப்புறம் ஐந்து நாள் அம்மா வீடு. பையன் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, படிக்க முடியாது. எல்லா வகையையும் தொட வேண்டும், எடுத்ததை முடிக்கவும் வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது? பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள வாசகிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். கணவர் சொல்லிக் காட்டுவதை மட்டும் விட்டுவைத்தேன். அது இல்லாமல் கடிதம் நிறைவாக இருக்காது.

மூட்டை கட்டுவதில் நானும் உங்கள் கட்சிதான். இருபது வருடத்துக்கு முன் கொடைக்கானலுக்கு மூன்று நாள் போனேன். ஒரு ரஷ்ய நாவல், இரண்டு பாகம், எடை இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஊரில் படிக்கத்தான் நேரமில்லை, மலையில் படித்துவிடலாம் என்று கணக்கு. தங்கிய விடுதியில் ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. ராத்திரிக் காற்றில் அது அடித்துக்கொண்டே இருந்தது. முதல் பாகத்தை எடுத்து அண்டக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் சாரல் குடித்து இட்லி மாதிரி உப்பிக் கிடந்தது. அன்று பகல் முழுக்க நான் படித்தது, கீழே மேனேஜர் மேஜையில் கிடந்த ஒரு மாத நாவல். அட்டை கிடையாது, நாற்பதாம் பக்கத்தில் சாம்பார்க் கறை. ஒரே மூச்சில் படித்துக்கொண்டே வந்தால் கடைசிப் பாரத்தை, அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கிற கடைசிப் பதினாறு பக்கத்தைக் காணோம். கொலை செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ரஷ்ய நாவலை இரண்டு வருடம் கழித்து வீட்டில்தான் படித்து முடித்தேன், அதே உப்பிய பிரதியை. ஆக, குற்றம் புத்தகத்தின் மேல் இல்லை.

நீங்கள் சொன்ன ‘வகைக்கு ஒன்று’ பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1880ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். கல்லூரித் தமிழாசிரியர், அப்போது வயது இருபத்தைந்து. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா, தூது என்று வகை வகையாக அடுக்குகிறார். அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒரு பட்டியல் இருக்க முடியாது. முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரி கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அது இல்லை. அந்த ஒரு ‘இல்லை’யில் தொடங்கி ஏழு வருடம் கழித்து, 1887இல், இவர் பதிப்பித்த சிந்தாமணி அச்சாகி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நீங்கள் வால்பாறையில் ஏடு புரட்டப் போவதில்லை, தெரியும். ஆனால் முதலியார் கேட்ட மாதிரி ஒரு கேள்வியை உங்கள் பட்டியலிடம் கேட்டுப் பாருங்கள். ஒன்பது வகை இருக்கிறது, சரி. நீங்கள் போகிற ஊர் அதில் எங்கே? அம்மா எங்கே? மத்தியானம் சாப்பிட்ட பிறகு வருகிற தூக்கம் எங்கே? நான் புத்தகம் எடுப்பது இப்போதெல்லாம் இடத்தையும் வேளையையும் பார்த்துத்தான். எப்படியோ வகையும் கலந்துவிடுகிறது.

வால்பாறையில் ஆரம்பிப்போம். ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவு. அதில் யாரும் எதையும் படிக்க வேண்டாம், குறிப்பாகப் பையன். எலுமிச்சம்பழம் போதும்.

அங்கே காலை நேரத்துக்கு மா.கிருஷ்ணனின் கட்டுரைகள். ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தலைப்பில் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன் கிருஷ்ணன். ஆங்கிலத்தில் காட்டுயிர் பற்றி ஒரு நாளிதழில் 46 வருடம் பத்தி எழுதியவர். அவர் தமிழிலும் இவ்வளவு எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கட்டுரை சில பக்கம்தான். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். முடித்துவிட்டு அப்படியே புதுத்தோட்டம் பக்கம் நடந்தீர்கள் என்றால், சிங்கவால் குரங்குகள் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும். முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, குடும்பப் பஞ்சாயத்து பேச வந்த பெரியவர் மாதிரி ஒரு பார்வை. பையனை பிஸ்கட் போட விடாதீர்கள்.

ராத்திரிக்கு சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. நாட்டுப்பாடல் சேகரிக்க ஒரு கிராமத்துக்கு வருகிறவன் ஜமீன் மாளிகையில் தங்குகிறான், அங்கே என்னென்னவோ நடக்கிறது. வெளியே மழை, உள்ளே அடிக்கடி போகிற கரண்டு, கையில் இந்த நாவல். இது ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தது. விடுமுறைக்குத் தொடராக வந்த புத்தகங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். வாரத்துக்கு ஒருமுறை படித்துவிட்டு ஆறு நாள் வேறு வேலை பார்க்கிறவனுக்காக எழுதியது அது. நடுவில் யாராவது கூப்பிட்டால் வைத்துவிட்டுப் போகலாம், திரும்பி வந்தால் கதை விட்ட இடத்திலேயே நிற்கும். உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ தலையணை அளவு இருந்தும் படிக்கச் சுலபமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1940 முதல் 1942 வரை விகடனில் வந்த 122 சின்ன அத்தியாயங்கள் அது. எங்கே திறந்தாலும் படிக்கலாம். பொன்னியின் செல்வனும் தொடர்தான், ஆனால் அதைக் கொண்டுபோக வேண்டாம். அதை எடுத்தால் நீங்கள் அறையை விட்டு வெளியே வரமாட்டீர்கள். கணவருக்கு இன்னொரு விஷயம் கிடைத்துவிடும்.

இப்போது முக்கியமான புத்தகம். இதைச் சொல்லத்தான் உங்கள் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பி.எச்.டேனியல் என்ற மருத்துவர் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அங்கே கேட்டதையும் பார்த்ததையும் வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார், 1969இல் வந்தது. தமிழில் இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று மொழிபெயர்த்தார். கருப்பன், வள்ளி என்று ஓர் இளம் தம்பதி. திருநெல்வேலிச் சீமையில் மழையில்லை, வேலையில்லை. ஆள் பிடிக்க வருகிற மேஸ்திரி முன்பணம் கொடுத்து, மலையில் வேலை லேசு, சம்பளம் நிறைய என்கிறான். நம்பி மலையேறுகிறார்கள். குளிர், அட்டைக்கடி, காய்ச்சல், அடி. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. ஊர் திரும்ப வழியில்லை.

கவனித்தீர்களா? அவர்கள் புறப்பட்டது உங்கள் அம்மா வீட்டுப் பக்கத்திலிருந்து. போய்ச் சேர்ந்தது நீங்கள் அறை பிடித்திருக்கிற மலைக்கு. அவர்கள் ஏறியதற்கு எதிர்த் திசையில் நீங்கள் இறங்கப் போகிறீர்கள், பழநி, திண்டுக்கல், மதுரை வழியாக, ஒரே பகலில்.

முதல் நாளே இதை எடுக்காதீர்கள். இரண்டு நாள் அந்தப் பச்சையை நன்றாகப் பாருங்கள், போட்டோ எடுங்கள், அதில் தப்பில்லை. மூன்றாம் நாள் ஆரம்பியுங்கள். இடுப்பளவுக்கு வெட்டிவிட்ட செடிகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகிற மாதிரி ஒற்றையடித் தடம் இருக்கும். படிக்கிறபோது கண் தானாக அங்கே போகும். விடுமுறையில் போய் இவ்வளவு துக்கமா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி சரியாகப் படவில்லை. வீட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவே இதைப் படிப்பதைவிட, கதை நடந்த இடத்தில், நேரத்தோடு படிப்பதுதான் அதற்கு மரியாதை.

பயணக்கட்டுரைகள் வேண்டாம். கல்யாண வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவது போல அது. வீட்டில் அடைந்து கிடக்கிற மழைநாளுக்கு வையுங்கள். சுயமுன்னேற்றம் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, விடுப்பில் இருக்கிறீர்கள்.

கோவில்பட்டிக்கு வருவோம். மே மாதத்து வெயில், பதினோரு மணிக்கு மேல் வாசலில் தலைகாட்ட முடியாது. படிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. பக்கத்தில் இடைசெவல். ஒரே சின்ன ஊரிலிருந்து கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி என்று இரண்டு பேர், சிநேகிதர்கள், இருவருக்கும் சாகித்திய அகாதமி. நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர், இதை நான் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ‘கோபல்ல கிராமம்’ படித்திருக்கிறீர்களா? தெலுங்குச் சீமையிலிருந்து தப்பித்து வந்தவர்கள் கரிசலில் காடு திருத்தி ஊர் கட்டுகிற கதை. மலையில் நீங்கள் படித்தது கரிசலை விட்டுப் போனவர்கள் கதை, இது வந்து சேர்ந்தவர்கள் கதை. அடுத்தடுத்துப் படியுங்கள்.

அம்மாவுக்கு நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். கு.அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, கி.ரா.வின் ‘கதவு’. இரண்டும் சிறுகதைகள். ‘கதவு’ கதையில் பிள்ளைகள் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுவார்கள். தீர்வை என்கிற நிலவரியைக் கட்டவில்லை என்று, வசூலிக்க வந்தவர்கள் அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வாய்விட்டு வாசித்தால் தெரியும், அந்த எழுத்து கண்ணுக்கு எழுதியதைவிடக் காதுக்கு எழுதியது அதிகம். சிரிக்க வேண்டும் என்றால் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. பாங்கில் குமாஸ்தா, அதிர்ஷ்டத்தால் துப்புத் துலக்குகிறவன். உங்கள் கிளையில் ஒரு சாம்பு கட்டாயம் இருப்பார்.

அப்புறம் ஓர் அகராதி. சிரிக்காதீர்கள். கி.ரா. 1982இல் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ கொண்டுவந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு சொல்லை அம்மாவிடம் கேளுங்கள். வெஞ்சனம், அதாவது சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற கறி, என்ற சொல்லைக் கோவைக்குப் போனபிறகு நீங்களே எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? ஒரு சொல்லைக் கேட்டால் அம்மா பொருள் சொல்வதோடு நிற்கமாட்டார். அதை யார் சொன்னது, எந்தக் கம்மாய்க் கரையில், எந்தச் சண்டையில் என்றெல்லாம் வரும். சிலதுக்கு, இப்படியெல்லாம் நம்ம ஊரில் சொல்கிறது கிடையாது என்று அடித்துச் சொல்வார். ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

பையனுக்குச் சிவகாசியில் அச்சாகிற லயன், முத்து காமிக்ஸ் இரண்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். முத்து காமிக்ஸின் முதல் இதழான ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது 1972இல். உங்கள் கணவருக்கும் பிடிக்கும், ஒப்புக்கொள்ளமாட்டார். கூடவே யா.பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ கிடைத்தால் கண்ணில் படுகிற மாதிரி போட்டுவையுங்கள். படி என்று மட்டும் சொல்லாதீர்கள். கடலைமிட்டாய் தின்ற கையோடு தொடுவான், தொடட்டும். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், பக்கத்தில் ஒட்டினால் புத்தகத்துக்கும் ஊர் முத்திரை.

இனி மூட்டை. துப்பறியும் கதையைத் தவிர, மற்றவற்றில் வீட்டிலேயே முப்பது பக்கம் படித்துவிட்டு எடுத்துவையுங்கள். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு யாரும் மலையேறுவதில்லை. முப்பது பக்கத்தில் கடிக்கிற புத்தகம் அங்கேயும் கடிக்கும். கோவில்பட்டிப் புத்தகங்களை இப்போதே அம்மா வீட்டுக்குக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். மலைக்கு மூன்றே மூன்று. கவிதை விட்டுப்போயிற்றே என்பீர்கள். குறுந்தொகையைச் செல்போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், பழைய தமிழ் நூல்களை இணையத்தில் தருகிற மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிப் பாட்டுகள், ராத்திரி விளக்கணைக்கும் முன் ஒன்று. மலையில் இருக்கிறவரை, மலையைப் பாடுகிற குறிஞ்சித் திணைப் பாட்டுகளாகப் பார்த்துப் படியுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

எண்ணிப் பார்த்தால் பையனுடையதையும் சேர்த்துப் பத்தைத் தாண்டிவிட்டது. உங்கள் ஒன்பதே தேவலை. இந்தப் பதிலைக் கணவரிடம் காட்டாதீர்கள்.

திரும்பி வந்து எழுதுங்கள். என்னென்ன முடித்தீர்கள் என்ற கணக்கு வேண்டாம், அம்மா எந்தெந்தச் சொல்லை ‘கிடையாது’ என்றார் என்று மட்டும் எழுதுங்கள்.