ஏரியில் பச்சைப் படலம்: கொதிக்கவைத்தால் போதுமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரி ஒரு வாரமாகப் பச்சை பெயின்ட் கொட்டியது போல் கிடக்கிறது. எங்கள் நாய் அங்கேதான் தண்ணீர் குடிக்கும், பிள்ளைகள் குளிப்பார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பயன்படுத்தலாமா? ஒருவர் நஞ்சு இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டையும் பாசி கொல்லும் பொடியும் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

பதில்: முதலில் நாயைக் கட்டிப் போடுங்கள், பிள்ளைகளை ஏரிப் பக்கம் விடாதீர்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

கொதிக்கவைக்கவே வேண்டாம். கிருமி என்றால் சூட்டில் சாகும், இது நஞ்சாயிற்றே. அந்தப் பச்சை நீலப்பச்சைப் பாசியாக இருந்தால், அது தனக்குள் வைத்திருக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கொதிநீரிலும் அழியாது, செல் உடைந்து உள்ளே இருந்ததும் வெளியே வரும், தண்ணீர் வற்ற வற்ற நஞ்சின் அடர்த்தி கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் இதே நஞ்சு கலந்ததால் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அறிவித்தபோது, கொதிக்கவைக்கவும் வேண்டாம் என்று சேர்த்தே சொன்னார்கள்.

அது எந்தப் பாசி என்று ஓரளவு நீங்களே பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி ஏரித் தண்ணீரை மொண்டு, மூடி, ஓர் இரவு ஆட்டாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பச்சை மேலே வளையமாகத் திரண்டிருந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம், அடியில் படிந்திருந்தால் குறைவு. குச்சியால் தூக்கினால் தலைமுடி போல் தொங்குவது பெரும்பாலும் சாதாரணப் பாசி.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நாய் வைத்திருப்பவர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஜாடி மிதக்கிற ரகத்தைத்தான் காட்டும். அடியில் கல்லிலும் சேற்றிலும் பாய் போல் ஒட்டி வளரும் ரகமும் உண்டு. தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்கும், கரையில் ஒதுங்கிய கரும்பழுப்புத் துண்டு ஒன்றை நாய் வாசனை பிடித்துத் தின்னும், அதில் நரம்பைத் தாக்கும் அனடாக்சின் இருந்தால் டாக்டரிடம் போகக்கூட நேரம் இருக்காது. அதனால் பச்சை போய்விட்டது என்று நாயை அவிழ்த்து விடாதீர்கள்.

இப்போது அந்த வியாபாரி. பட்டை பொய் இல்லை, ஆனால் விற்கிறவர்கள் பாதியைச் சொல்வதில்லை: பாசி உயிரோடு இருக்கும்போது நஞ்சின் பெரும்பகுதி செல்லுக்குள்ளேதான் இருக்கும், முதலில் செல்லை உடைக்காமல் தோய்த்தால் பட்டை 'நஞ்சு இல்லை' என்று காட்டும், நீங்களும் நிம்மதியாகப் பிள்ளைகளை இறக்குவீர்கள். பொடி இன்னும் மோசம். பெரும்பாலும் மயில்துத்தம்தான் (காப்பர் சல்பேட்). பாசி செத்து, உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கரையும். ஏரி தெளியும், அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நஞ்சு சில நாள், சில நேரம் வாரக்கணக்கில் இருக்கும்.

தண்ணீர் மாதிரியை ஆய்வகத்துக்கே கொடுங்கள். ஆனால் அதிகாரிகள் படகில் போய் நடு ஏரியில் மாதிரி எடுப்பார்கள், காற்று படலத்தைக் கரைக்குத் தள்ளியிருக்கும், பிள்ளைகள் குளிப்பதும் கரையில்தான். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முடிவு வருவதற்குள் படலம் அடுத்த கரைக்குப் போயிருக்கும். செயற்கைக்கோள் படத்தையும் நம்பி இருக்காதீர்கள், சென்டினல்-3 படத்தில் ஒரு புள்ளியே 300 மீட்டர், சிறிய ஏரி அதற்குள் அடங்கிவிடும். அதனால் குளிக்கும் இடத்திலேயே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், இருட்டு நிறக் கண்ணாடி பாட்டிலில், ஐஸ் வைத்து, அன்றைக்கே ஆய்வகத்துக்குப் போகட்டும். செல் எண்ணிக்கை மட்டும் போதாது, 'மொத்த மைக்ரோசிஸ்டின்' எவ்வளவு என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு நீண்டகாலம் குடிக்க லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குளிக்க 24. தண்ணீர் தெளிந்த பிறகும் இன்னொரு மாதிரி கொடுங்கள்.

நாய் ஏற்கனவே இறங்கியிருந்தால், அது ரோமத்தை நக்குவதற்குள் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். வாந்தியோ நடுக்கமோ தெரிந்தால் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.