சுவரில் கிரயான் கோடுகளும் டயர் தடமும்: தக்கலை நண்பருக்கு

வணக்கம். தக்கலையில் எமல்ஷன் பெயிண்ட் அடித்த உங்கள் வீட்டுக் கூடத்தில், குழந்தை கிறுக்கிய கிரயான் கோடுகளும் சைக்கிள் டயர் உரசிய கறுப்புத் தடங்களும் சோப்புத் தண்ணீருக்கு அசையவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

டயர் தடத்துக்குத் தண்ணீரே வேண்டாம். சுவரில் ஒட்டியிருப்பது ரப்பர் என்பதால், பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் பெரும்பாலும் திரண்டு உதிர்ந்துவிடும். கிரயான் மெழுகு; ஆகவே சமையல் சோடாவைச் சில துளி நீரில் குழைத்து, ஈரத்துணியில் தொட்டு, கோட்டின் மீது மட்டும் அழுத்தாமல் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுங்கள். அதற்கு முன் கதவுக்குப் பின்புறம் ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள்: துணியில் வண்ணம் ஏறினால் அடித்திருப்பது ஈரத்தில் எளிதில் கரையும் டிஸ்டெம்பர் பூச்சாக இருக்கக்கூடும், அப்படியானால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்கு மீண்டும் பூச்சுக் கொடுப்பதே நல்லது. கறை நீக்கவென்று விற்கும் வெள்ளை நுரைப் பஞ்சான மெலமைன் பஞ்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது நுண்ணிய உப்புத்தாள் போல உராய்ந்து, மினுமினுப்பில்லாத பூச்சில் பளபளக்கும் திட்டை விட்டுவிடும், அது கறையைவிடக் கண்ணை உறுத்தும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தரையை ஒட்டிச் சுவரில் தெரியும் வெண்பொடி அழுக்கன்று. இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், சுவரில் ஏறும் ஈரம் வெளியே தள்ளும் உப்பு அது. உலர்ந்த பிரஷால் தட்டியெடுங்கள், ஈரம் வரும் வழியை அடைக்காமல் அதன்மேல் வண்ணம் பூசாதீர்கள்.