குரூஸர் பைக் வாங்கினால் முதுகு வலி குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 43. உயரம் 5 அடி 4 அங்குலம். இத்தனை வருடமும் 100 சிசி வண்டிதான் ஓட்டினேன். வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை துவாக்குடியில். மாதம் ஒருமுறை மனைவியுடன் திண்டுக்கல் போய்வருவேன். ஒரு வருடமாக இடுப்பில் வலி. "குரூஸர் வாங்கு, காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டலாம், முதுகுக்கு நல்லது" என்கிறார்கள் நண்பர்கள். பஜாஜ் அவெஞ்சர் 220, ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் கடன் வாங்கினால் சூப்பர் மீட்டியார் 650-யே வாங்கிவிடலாமே என்ற ஆசையும் இருக்கிறது. எது சரியாக வரும்?

பதில்: வண்டிக்குப் போகும் முன் உங்கள் நண்பர்கள் சொன்னதைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் உங்கள் கேள்வியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

சாதாரண பைக்கில் உங்கள் பாதம் ஏறக்குறைய இடுப்புக்கு நேர் கீழே இருக்கும். முன்னால் பள்ளம் தெரிந்தால் உங்களை அறியாமலே காலை ஊன்றி சீட்டிலிருந்து அரை அங்குலம் எழும்புவீர்கள். அந்த அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். பல வருடம் ஓட்டியதில் இது உடம்புக்குப் பழகிப்போன காரியம், யாரும் சொல்லித் தருவதில்லை. குரூஸரில் கால் முன்னால் நீண்டு இருக்கிறது. அங்கிருந்து ஊன்றி எழும்ப முடியாது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள், புரிந்துவிடும். ஆக, உடம்பின் எடை மொத்தமும் வால் எலும்பில் இறங்குகிறது. பள்ளத்தின் அடியும் அங்கேதான் போகிறது. சீட்டைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்பதால், இந்த வகை வண்டிகளில் பின்பக்க ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் போய்வர இடமும் குறைவுதான்.

அப்படியானால் குரூஸர் சுகம் என்று எல்லோரும் சொல்வது பொய்யா? பொய் இல்லை, பாதி உண்மை. வழவழப்பான நெடுஞ்சாலையில், ஒரே வேகத்தில், இரண்டு மணி நேரம் போகும்போது அது சுகமான உட்காருகைதான். தோளும் மணிக்கட்டும் தளர்ந்து இருக்கும். உங்கள் திண்டுக்கல் பயணத்துக்குப் பொருந்தும். ஆனால் அது மாதத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் திருவானைக்காவல், பால்பண்ணை, திருவெறும்பூர் என்று சிக்னலும் வேகத்தடையும் பஸ்ஸுமாகப் போகிறீர்கள். வண்டியை அந்த நாட்களுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று. வலி இடுப்போடு நிற்காமல் காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ ஷோரூமுக்கு முன் எலும்பு டாக்டரைப் பாருங்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

அவெஞ்சர் 220 குரூஸின் எஞ்சின் 8,500 ஆர்பிஎம்மில் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) 19 பிஎஸ், அதாவது 19 குதிரைத்திறன், சக்தி தருகிறது. மீட்டியார் 350 தருவது 20 பிஎஸ்ஸை ஒட்டி, 6,100 ஆர்பிஎம்மில். விளம்பரத் தாளில் இதை மட்டும் பார்த்தால், 130 சிசி கூடுதலாகக் கொடுத்தும் ஒரு குதிரைதான் மிச்சமா என்று தோன்றும். பார்க்க வேண்டியது அடுத்த வரியை. இழுவிசை, அதாவது டார்க், அவெஞ்சரில் 7,000 ஆர்பிஎம்மில் 17.5 நியூட்டன் மீட்டர். மீட்டியாரில் 4,000-லேயே 27.

இதை ரோட்டில் வைத்துச் சொல்கிறேன். மனைவி பின்னால் இருக்கிறார், பாலத்து மேட்டில் முன்னால் ஒரு லாரி ஊர்கிறது. அவெஞ்சரில் கியரைக் குறைத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால்தான் வண்டி எழும். மீட்டியாரில் அதே கியரில் லேசாகத் திருகினால் போதும், தம் கட்டி ஏறிவிடும். ஒரு நாளைக்கு நூறு முறையாவது கிளட்ச் பிடிக்கும் ஆளுக்கு இந்த வித்தியாசம் சாயங்காலம் இடது கையில் தெரியும். அவெஞ்சரில் இருப்பது பல்சர் 220 குடும்பத்து எஞ்சின். வேகமாகச் சுற்றுவது அதன் பிறவிக் குணம். குரூஸர் உடம்பில் வைத்து அடக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 80-ஐத் தாண்டினால் கால் வைக்கும் இடத்தில் லேசாக நடுங்கும். மீட்டியாரில் அதிர்வைச் சமன் செய்ய எஞ்சினுக்குள் தனியாக ஒரு தண்டு சுற்றுகிறது. பழைய புல்லட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஆச்சரியப்படுவீர்கள்.

அதற்காக அவெஞ்சரை ஒதுக்கிவிட வேண்டாம். அதன் எடை 163 கிலோ, மீட்டியார் 191. இந்த 28 கிலோ ஓடும்போது தெரியாது. வண்டி நிற்கும்போதும் நடைவேகத்தில் ஊரும்போதும்தான் தெரியும். இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசல் சரிவில் ஏற்ற வேண்டும், காலையில் பின்பக்கமாக உருட்டி இறக்க வேண்டும், கோயில் பக்கம் நாலு வண்டிக்கு நடுவிலிருந்து உருவி எடுக்க வேண்டும். இடுப்பு வலிக்காரர் ஓட்டுவதில் அடிபடுவதைவிட உருட்டுவதில் அடிபடுவது அதிகம் என்பது என் அனுபவம். எனக்கே ஒருமுறை, வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தேன்.

சீட் உயரம் அவெஞ்சரில் 737 மி.மீ., மீட்டியாரில் 765. உங்கள் உயரத்துக்கு இரண்டிலும் கால் தரையில் படும். அவெஞ்சரில் குதிகால் வரை பதியும், மீட்டியாரில் ஷூவின் கனத்தைப் பொறுத்து. சீட்டின் அகலம் தொடையை விரித்து உயரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால், தாளில் உள்ள மி.மீ. கணக்கை நம்பாதீர்கள், ஏறி உட்கார்ந்து பாருங்கள். எடையில் தோற்கும் மீட்டியார் திரும்புவதில் ஜெயிக்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் மீட்டியாரில் 1,400 மி.மீ., அவெஞ்சரில் 1,490. அந்த 9 செ.மீ. குறுகலான தெருவில் யூ டர்ன் அடிக்கும்போது கணக்குக் கேட்கும். அவெஞ்சரின் முன்சக்கரம் நம் கைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் சொல்லும். பழகிவிடலாம், ஆனால் முதல் மாதம் திட்டுவீர்கள்.

பஞ்சர் விஷயத்தை யாரும் ஷோரூமில் கேட்பதில்லை. அவெஞ்சர் குரூஸில் கம்பிச் சக்கரம், உள்ளே டியூப். ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கும், சக்கரத்தைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். மீட்டியாரில் டியூப் இல்லாத டயர். ஆணியோடேயே மெதுவாகக் கடை வரை போய்விடலாம். மனைவியோடு மணப்பாறை தாண்டி நிற்கும் இரவை யோசித்துப் பாருங்கள். பிரேக்கும் அப்படித்தான். அவெஞ்சரில் முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம், ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) முன்சக்கரத்துக்கு மட்டும். மீட்டியாரில் இரண்டும் டிஸ்க், இரண்டுக்கும் ஏபிஎஸ். மழையில் சாணியும் மணலும் கலந்த ரோட்டில் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போவதுதான் வழக்கமான விபத்து. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன்.

இப்போது உங்கள் ஆசை வண்டி. சூப்பர் மீட்டியார் 650 அருமையான வண்டி. இரட்டை சிலிண்டர், 47 பிஎஸ், 52 நியூட்டன் மீட்டர். திண்டுக்கல் ரோட்டில் அது போகும் போக்கைப் பார்த்தால் வீட்டுக்குத் திரும்ப மனசு வராது. ஆனால் 241 கிலோ. நீங்கள் இப்போது ஓட்டும் 100 சிசி வண்டி இரண்டைக் கட்டித் தூக்கினால் கிட்டத்தட்ட அந்த எடை வரும். சீட் 740 மி.மீ. தாழ்வு என்பதால் ஷோரூமில் உட்கார்ந்தவுடன் "அட, கால் எட்டுதே" என்று தோன்றும். அதுதான் ஏமாற்றும் இடம். கால் எட்டுவது வேறு, ஒருபக்கம் சாய்ந்த 241 கிலோவை அந்தக் காலால் தாங்குவது வேறு. தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 135 மி.மீ. மட்டுமே, மீட்டியார் 350-யிலோ 170. சக்கர இடைவெளியும் 1,500 என்பதால், நம் ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு முன் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிவைக்கும் வேகத்தடைகளில், பின்னால் ஆளோடு போனால் அடி தட்டும். வெயில் காலத்து சிக்னலில் இரட்டை சிலிண்டரின் சூடு இரண்டு காலுக்கும் பங்கு வைக்கும். ஒரு மே மாதம் நண்பரின் 650-யை ஒரு வாரம் ஓட்டினேன். முதல் நாள் ராஜா மாதிரி இருந்தது. மூன்றாம் நாளே ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போனேன்.

நடுத்தர குரூஸர் என்றாலே கனம்தான் என்றும் இல்லை. கவாசாகி எலிமினேட்டர் 451 சிசி, 45 பிஎஸ், ஆனால் எடை 176 கிலோதான், மீட்டியார் 350-யைவிடக் குறைவு. விலைதான் ஐந்து லட்சத்தைத் தாண்டும். தினசரி துவாக்குடிக்கு அது தங்க ஊசி.

கடன் வாங்கும் முன் வரிக் கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு, செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக ஏறியது. மீட்டியார் 350-யின் எஞ்சின் 349 சிசி, கோட்டுக்கு ஒரு சிசி உள்ளே. இன்ஷூரன்ஸிலும் இதே கோடுதான். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு 150 முதல் 350 சிசி வரை வருடத்துக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804. புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். பெட்ரோல் வேறு. உங்கள் பாதையில் அவெஞ்சர் லிட்டருக்கு 35-க்கு மேல் தரலாம், மீட்டியார் 30-ஐ ஒட்டி, 650 இருபதுகளில். 100 சிசி வண்டியில் 60 பார்த்த கண்ணுக்கு மூன்றுமே முதல் மாதம் வலிக்கும்.

வேகத்துக்காக 650 வேண்டும் என்றால், மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு உச்சவரம்பு மணிக்கு 80 கி.மீ.தான். அந்த வேகத்தில் மீட்டியார் 350 அலட்டிக்கொள்ளாமல் நாள் முழுக்க ஓடும்.

ஆக, நீங்கள் கேட்ட மூன்றுக்குள் என் கை மீட்டியார் 350-யின் பக்கம். ஆனால் இடுப்பு வலிக்காக என்று வாங்க வேண்டாம். வலிதான் முதல் கவலை என்றால், பாதம் உடம்புக்குக் கீழே இருக்கும் வண்டியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதே நிறுவனத்தின் ஹன்டர் 350-யில் மீட்டியாரின் அதே எஞ்சின்தான், எடை 181 கிலோ, சீட் 790 மி.மீ. கிளாசிக் 350 நிமிர்ந்து உட்கார நல்லது, ஆனால் 805 மி.மீ. சீட் உங்களுக்குக் கொஞ்சம் உயரம். குரூஸர் தோற்றம் போய்விடும், இடுப்பு உங்களுக்கு நன்றி சொல்லலாம்.

டெஸ்ட் ரைடு என்று ஷோரூம்காரர்கள் ஒரு கிலோமீட்டர் நல்ல ரோட்டில் அனுப்புவார்கள். அதில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். முக்கால் மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அந்த வண்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம் ஞாயிற்றுக்கிழமை காலை வாங்கி ஓட்டுங்கள். நீங்கள் தினமும் போகும் ரோட்டிலேயே ஓட்டுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, சின்னச் சரிவில் பின்பக்கமாக உருட்டிப் பாருங்கள். முதுகு எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு முடிவு செய்யாதீர்கள், மறுநாள் காலை எழுந்திருக்கும்போது பாருங்கள்.

மனைவியையும் கூட்டிப்போக மறக்க வேண்டாம். நீங்கள் கேட்டதில் அவரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. குரூஸரில் பின்சீட் ஓட்டுபவர் சீட்டைவிட உயரமாக, சிறியதாக இருக்கும். புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்தால் பிடிமானம் குறைவு. மீட்டியாரின் ஸ்டெல்லார், சூப்பர்நோவா வகைகளில் பின்னால் சாய்மானம் உண்டு, ஃபயர்பால் வகையில் இல்லை. இருபக்கம் கால் போட்டு உட்காருபவருக்கு அது பெரிய வசதி, ஒருபக்கமாக உட்காருபவருக்கு இடுப்பில் இடிக்கும். அவர் எப்படி உட்காருவார் என்பதைக் கேட்டுவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், திண்டுக்கல் கிளம்பும் அன்று பின் ஷாக் அப்சார்பரை இரண்டு படி இறுக்கிக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் தளர்த்திவிடுங்கள். சர்வீஸில் ஒருமுறை காட்டச் சொன்னால் போதும், இரண்டு நிமிட வேலை.