மகன் ஷார்ட்ஸ்டாப், வயது பதினேழு: கல்லூரியா, கான்ட்ராக்டா?

டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகன் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறான், பள்ளி பேஸ்பால் அணியின் ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில் நிற்பவன்), தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கௌட்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதிலிருந்து அப்பாவும் பிள்ளையும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "விளையாட்டா, படிப்பா" என்ற சண்டையை முதலில் நிறுத்துங்கள். பேஸ்பாலில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எந்த வயதில் கையெழுத்துப் போடுவது என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

ஜூலையில் நடக்கும் டிராஃப்ட் என்ற ஆள்தேர்வில் மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்தின் 30 அணிகள் 20 சுற்றுகளில் ஆட்களை எடுக்கின்றன. நாடு முழுவதற்கும் சேர்த்து 600 பேருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பள்ளி முடித்த கையோடு ஒரு வாய்ப்பு உண்டு. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது ஆகும்வரை எந்த அணியும் எடுக்க முடியாது. இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் இந்தத் தடை கிடையாது.

மூன்று வருஷம் வீணாகிவிடுமே என்று பையன் பயப்படுகிறான். மேஜர் லீக் ஆட்டக்காரர் மார்கஸ் செமியனின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். 2008-இல் சிகாகோ வைட் சாக்ஸ் அவரைப் பள்ளியிலிருந்தே 34ஆம் சுற்றில் எடுத்தது. அவர் கையெழுத்துப் போடாமல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். 2011-இல் அதே அணி 6ஆம் சுற்றில் எடுத்தது. அதன் பிறகும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 2015-இல் ஓக்லண்டுக்கு ஷார்ட்ஸ்டாப் ஆடியபோது 35 எர்ரர் (பிடிப்பதிலோ எறிவதிலோ செய்யும் பிழை). அந்த சீசன் நடுவில் பயிற்சியாளராக வந்த ரான் வாஷிங்டன் அவரை அடிப்படையிலிருந்து பழக்கினார். கிட்டத்தில் நின்றுகொண்டு, குதித்து வரும் பந்தாக அடித்து அடித்துப் பிடிக்க வைப்பது வாஷிங்டனின் பாணி. ஆறு வருஷம் கழித்து, 2021-இல், செகண்ட் பேஸில் செமியன் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் விருது வாங்கினார். அந்த ஆண்டுக் கடைசியில் உங்கள் பக்கத்து ஆர்லிங்டனில் ஆடும் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவருக்குக் கொடுத்தது ஏழாண்டுக்கு 17.5 கோடி டாலர்.

யாங்கீஸின் புகழ்பெற்ற ஷார்ட்ஸ்டாப் டெரிக் ஜீட்டர் பள்ளியிலிருந்து நேரே போனவர்தானே என்று பையன் கேட்பான். உண்மைதான். 1992 டிராஃப்டில் 6ஆவது ஆளாக யாங்கீஸ் எடுத்தது. மறு வருஷம் கிரீன்ஸ்பரோவின் மைனர் லீக் (மேஜருக்குக் கீழ்மட்ட) அணியில் ஒரே சீசனில் 56 எர்ரர் செய்தார். ஆனாலும் ஷார்ட்ஸ்டாப்பை விட்டு அவரை மாற்றவில்லை. பெரிய தொகை கொடுத்து முதல் சுற்றில் எடுத்த பையனுக்கு அணி காத்திருக்கும். 15ஆம் சுற்றில் எடுத்த பையன் 56 எர்ரர் செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடும். பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டருக்குக் கை பக்குவப்பட வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களை யார் கொடுப்பார்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், முதல் மூன்று சுற்றுக்குள் வராவிட்டால் கல்லூரிக்கே அனுப்புங்கள்.

இந்த வேலையின் கஷ்டம் உங்கள் கணவருக்குத் தெரிய வேண்டும். பந்தை அடிக்கும் இடமான ஹோமிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் 90 அடி. வேகமாக ஓடுகிறவன் நான்கு விநாடி சொச்சத்தில் சேர்ந்துவிடுவான். அதற்குள் தரையோடு வரும் பந்துக்குக் காலைக் கொண்டுபோய் வைத்து, பிடித்து, க்ளவிலிருந்து கைக்கு மாற்றி, எறிந்தாக வேண்டும். உங்கள் ஊரிலேயே ரஃப்ரைடர்ஸ் என்ற டபுள்-ஏ அணி (மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே) இருக்கிறது. ஒரு மாலை அப்பாவும் மகனும் சேர்ந்து போய், இன்ஃபீல்டர்களின் கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார்க்கட்டும். பந்து வருவதற்குள் கால் எங்கே போய்விடுகிறது என்று பார்த்தாலே இது எவ்வளவு பெரிய படிப்பு என்று புரியும். 2023-இலிருந்து செகண்ட் பேஸுக்கு இருபுறமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் நின்றாக வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், ஓடிப் பிடிக்கும் கால்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. பையன் இப்போதே செகண்ட் பேஸிலும் தேர்ட் பேஸிலும் பழகட்டும். தொழில்முறை அணிக்கு வருகிற இன்ஃபீல்டர்களில் பலர் பள்ளியில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர்கள்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. மூன்று இடத்திலும் நிற்கத் தெரிந்தவனை 26 பேர் கொண்ட அணியில் வைத்துக்கொள்வார்கள்.

பண விஷயத்துக்கு வருகிறேன். மைனர் லீக் பையன்கள் வெகு காலம் அரைவயிற்றுக் கஞ்சிதான் குடித்தார்கள். 2023-இல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்த பிறகு டபுள்-ஏ குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 13,800 டாலரிலிருந்து 30,250 ஆனது, அதற்கு மேல் படியான ட்ரிபிள்-ஏ-வில் 35,800. தங்குமிடத்தை 2022 முதல் அணிகளே பெரும்பாலானவர்களுக்குத் தருகின்றன. மேலே மேஜர் லீக்கில் கால் வைத்தால் 2026-இல் குறைந்தபட்சமே 7,80,000 டாலர். அங்கே 43 நாள் சேவை இருந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி. ஆறு வருஷ சேவை முடிந்தால் எந்த அணியோடும் பேரம் பேசலாம். ஆனால் டிராஃப்டில் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வாசலைப் பார்ப்பதே இல்லை. அதனால் கையெழுத்துப் போடும்போது கையில் வரும் போனஸ் ஒன்றைத்தான் நிச்சயப் பணமாக எண்ணிக் கணக்குப் போடுங்கள். அதிலும் வரி போகும்.

பள்ளியிலிருந்தே கையெழுத்துப் போடுவதானால், பிற்காலக் கல்லூரிச் செலவை அணி ஏற்கும் ஷரத்து முதல் கான்ட்ராக்டிலேயே இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், தொகை எண்ணால் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டத்தை விட்ட இரண்டு வருஷத்துக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். கல்லூரிப் பக்கமும் முழு உதவித்தொகை என்று நம்பிவிட வேண்டாம். பல்லாண்டுகளாக, கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன்னில் ஒரு பேஸ்பால் அணிக்கு மொத்தம் 11.7 உதவித்தொகைதான், அதைத்தான் 27 பேர்வரை பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த வரம்பு 2025-இல் மாறிவிட்டது, ஆனாலும் பல கல்லூரிகள் பகுதித் தொகைதான் தருகின்றன. எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடும்பம் இன்னும் ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தால் பையன் ஹெச்-4, அதாவது பெற்றோரைச் சார்ந்த விசா. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு படிப்பதால் டிராஃப்டில் அவனை எடுக்கலாம். ஆனால் அந்த விசாவில் சம்பளம் வாங்க முடியாது. கையெழுத்துப் போட்டால் பி-1 (P-1) போன்ற வேலை விசாவுக்கு அணி விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரிக்கே போனாலும் 21 வயதில் ஹெச்-4 முடிந்துவிடும். மூன்றாம் ஆண்டு டிராஃப்டும் அதே வயதில்தான் வரும். இந்த மாதமே குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.

ஸ்கௌட் அடுத்த முறை வந்தால், எவ்வளவு கொடுத்தால் கையெழுத்துப் போடுவான் என்றுதான் கேட்பார். அதற்கு முன்பே மூவரும் உட்கார்ந்து ஒரு தொகையை எழுதி வையுங்கள். அதற்குக் குறைந்தால் கல்லூரி என்று பையன் வாயாலேயே அவரிடம் சொல்லட்டும்.